கடலோடு போன சப்மரீன் அதிகாரி: பணி வரலாற்றைத் தொகுக்கும் முறை

மேற்பரப்புக் கப்பல் ஒன்று போரில் மூழ்கினால் சொல்வதற்கு நாலு பேராவது மிஞ்சுவார்கள். படகில் ஏறித் தப்பியவர் இருப்பார், பலகையைப் பிடித்து மிதந்தவர் இருப்பார், பக்கத்துக் கப்பலில் நின்று பார்த்தவரும் இருப்பார். சப்மரீன் அப்படியல்ல. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும், திரும்ப வேண்டிய நாளில் வராது. பெரும்பாலான சமயம் கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவது அவ்வளவுதான். அதனால்தான் அந்த அதிகாரியின் சொந்தக் கோப்பு 'காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

குமரி மாவட்டத்தில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பலவிதம். பாட்டாவின் பழைய படத்தை வைத்துக்கொண்டு தேடுகிற கப்பல்காரக் குடும்பம் உண்டு. பங்கு ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர் உண்டு. நாகர்கோவில் கல்லூரிகளில் வரலாறு படித்து, உலகப் போர்க் கடற்படை பற்றி ஆய்வேடு எழுதுகிற மாணவர்களும் உண்டு. மூவருக்கும் சொல்வது ஒன்றுதான். ஆளைத் தேடினால் ஒரு பக்கம் கிடைக்கும், அவர் ஏறிய கப்பலைத் தேடினால் ஒரு பெட்டி நிறையக் கிடைக்கும்.

முறையைக் காட்ட மால்கம் டேவிட் வாங்க்ளின் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை எடுத்துக்கொள்கிறோம். 1911-ல் கொல்கத்தாவில் பிறந்தவர், அப்ஹோல்டர் என்ற சப்மரீனின் கேப்டன், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர், 1942 ஏப்ரலில் கப்பலோடு மறைந்தவர். இவரைப் பற்றிய தாள்கள் பொதுவெளியில் இருப்பதால் நீங்களே ஒவ்வொரு படியையும் செய்து பழகலாம். அதன்பிறகு உங்கள் ஆளிடம் வாருங்கள்.

எந்தக் கடற்படை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"ஆச்சி, பாட்டா எந்தக் கப்பல்ல வேலை பாத்தாவ?" என்று கேட்டால் "சப்மரீன்ல" என்று பதில் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலம் என்றால் அந்தப் பதிலை அப்படியே எழுதிவிடாதீர்கள். அன்றைய ராயல் இந்தியக் கடற்படையிடம் ஒரு சப்மரீன்கூட இல்லை. இந்தியக் கடற்படையின் முதல் சப்மரீன் கல்வரி 1967 டிசம்பர் 8 அன்றுதான் சோவியத் நாட்டின் ரீகா துறைமுகத்தில் பணியில் சேர்க்கப்பட்டது.

ஆச்சி பொய் சொல்லவில்லை. சொல் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். மூன்று விதமாக மாறியிருக்கலாம். பாட்டா போன சரக்குக் கப்பலோ பயணிகள் கப்பலோ எதிரி சப்மரீனால் மூழ்கடிக்கப்பட்டிருக்கலாம். 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய ஐ-29 மூழ்கடித்த திலாவா அப்படி ஒரு கப்பல், அதில் 280 பேர் இறந்தார்கள். அல்லது சப்மரீன் வேட்டைக் கப்பலில் இருந்திருக்கலாம். அல்லது 1942 டிசம்பரில் ஜாம்நகரில் தொடங்கிய வல்சுரா டார்பிடோ பள்ளியில் பயிற்சி எடுத்திருக்கலாம். டார்பிடோ என்பது தண்ணீருக்கடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் ஆயுதம், அந்தச் சொல் வீட்டுக்கு வந்து சேரும்போது சப்மரீன் ஆகிவிடும். 1967-க்குப் பிந்திய ஆள் என்றால் உண்மையாகவே சப்மரீன்காரராக இருக்கக்கூடும்.

வீட்டில் இருக்கும் பொருள்கள்

படத்தில் முதலில் கைப்பட்டையைப் பாருங்கள், முகத்தை அப்புறம் பார்க்கலாம். பிரிட்டிஷ் முறையில் இரண்டு முழுப் பட்டை லெப்டினன்ட். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை ஒன்று இருந்தால் லெப்டினன்ட் கமாண்டர். மூன்று முழுப் பட்டை கமாண்டர். பட்டை நேராக இருந்தால் நிரந்தரக் கடற்படை. அலை அலையாக இருந்தால் தன்னார்வ ரிசர்வ். இரண்டு கயிறு பின்னியதுபோல் இருந்தால் வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வ் அதிகாரி. எந்தப் பட்டியலில் தேட வேண்டும் என்பதே இதை வைத்துத்தான் தீர்மானமாகும்.

மார்பில் டால்பின் சின்னம் இருந்தால் அவர் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் சப்மரீன் அதிகாரி அல்ல. பிரிட்டனில் அந்தச் சின்னம் 1970-களில்தான் வந்தது. அமெரிக்கர்களிடம் 1924 முதல் உண்டு. தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல் பிரிட்டிஷ் கப்பலுக்கு முன் வரும் ஹெச்.எம்.எஸ். அல்லது இந்தியக் கப்பலுக்கு முன் வரும் ஹெச்.எம்.ஐ.எஸ். என்று மட்டும் இருந்தால் ஏமாற வேண்டாம். ரகசியத்துக்காகப் போர்க்காலத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். படத்தின் காலத்தைக் கணிக்க அதுவே ஒரு தடயம்.

பதக்கம் இருந்தால் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அந்த எண்தான் உங்கள் கையில் கிடைக்கும் முதல் உறுதியான தகவல். எழுத்து மங்கியிருந்தால் பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், பென்சிலும் மெல்லிய தாளும் வைத்து உரசி எடுங்கள்.

படங்களை 600 டிபிஐ, தாள்களை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் போதும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து படத்தில் பூசணம் பிடிக்க வைக்கும். அதற்குப் பயந்து லாமினேட் செய்கிறவர்கள் ஏராளம். சூட்டில் படத்தின் மேல்படலம் கெடும், பின்பக்கத்தில் எழுதியிருப்பதும் மறைந்துபோகும். லாமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. நல்ல காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

ஊர்த் தாள்கள்: கொல்லம் ஆண்டுக் கணக்கு

1956 நவம்பர் 1-க்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. போர்க்கால அரசுத் தாள்களைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம். திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக்காப்பகத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆண்டு பிறப்பது ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில். ஆவணி முதல் டிசம்பர் 31 வரையுள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். கொல்லம் 1117 ஆவணி என்றால் 1941. அதே 1117 சித்திரை என்றால் 1942. இந்த ஒரு எண் பிசகினால் ஆளையே ஓர் ஆண்டு முன்னதாகக் கொன்றுவிடுவீர்கள். மாதப் பெயர் மலையாளத்தில் இருந்தால் மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி என்று வரிசையாகப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது, அதற்கு முந்திய கடிதங்களுக்குக் கொல்லத்தையும் விசாரிக்க வேண்டும். லத்தீனில் எழுதிய பதிவில் எஸ்தேவான் ஸ்தெஃபானுஸ் ஆகியிருப்பார், யாகப்பர் யாக்கோபுஸ் ஆகியிருப்பார். இன்னொரு சிக்கல் நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது என்பது. சூசை மகன் மிக்கேல் என்பவரைக் கப்பல் எழுத்தர் 'மிக்கேல் சூசை' என்றோ 'சூசை மிக்கேல்' என்றோ பதிந்திருப்பார். இரண்டு வரிசையிலும் தேடுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தேடும்போது கன்னியாகுமரி என்று தேடினால் எதுவும் வராது, அன்றைய தாள்களில் அது கேப் காமரின்.

ஆளின் தாள்கள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. பிரிட்டிஷ் அதிகாரி என்றால் நேவி லிஸ்ட் என்ற அரசு வெளியீட்டில் தொடங்குங்கள். 1939 முதல் 1945 வரையுள்ள பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பதவியும் அந்தப் பதவியின் மூப்புத் தேதியும் கிடைக்கும். லெப்டினன்டாக எட்டு ஆண்டு மூப்பு முடிந்தால் லெப்டினன்ட் கமாண்டர் பதவி தானாக வரும். உங்கள் கணக்கில் நாலே ஆண்டில் வந்திருந்தால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைக் கலந்துவிட்டீர்கள் என்று பொருள், அல்லது அது தற்காலிகப் பதவி.

அடுத்தது லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழ். பதவியேற்பு, பதவி உயர்வு, விருது எல்லாம் அதில் வரும், தேடுவதற்குக் காசு இல்லை. ஆனால் கெஜட் தேதியைச் செயல் நடந்த தேதியாக எழுதுவது மிகப் பரவலான தவறு. வாங்க்ளினுக்கு விருது கொடுத்தது 1941 மே 24 அன்று சிசிலிக் கரையில் கோன்டே ரோஸ்ஸோ என்ற 17,879 டன் துருப்புக் கப்பலை மூழ்கடித்த தாக்குதலுக்காக. கெஜட்டில் வந்தது டிசம்பரில். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி. மற்ற விருதுகளில் பெரும்பாலும் 'வெற்றிகரமான சப்மரீன் ரோந்துகளில் காட்டிய துணிவுக்காக' என்று மட்டும் இருக்கும். எந்தக் கடல், எந்தக் கப்பல் என்று இருக்காது.

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஏ.டி.எம். 196, ஏ.டி.எம். 340 என்ற வரிசைகளில் அதிகாரிகளின் பணிப்பதிவுகள் இருக்கின்றன. பிந்தியவர்களுடைய கோப்புகள் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டு வருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஆளின் கோப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இணையப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

பணிப்பதிவைப் படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஹெச்.எம்.எஸ். என்று தொடங்குவதெல்லாம் மிதக்கிற கப்பல் அல்ல. டால்பின் என்பது இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் இருந்த சப்மரீன் தளம், கரையில் கட்டிய கட்டடம். டால்பட் மால்டாவில் இருந்த தளம். லங்கா கொழும்பிலும், ஹைஃப்ளையர் திருகோணமலையிலும் இருந்த கரைத் தளங்கள். 'டால்பின் கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்தார்' என்று அச்சில் வந்த கட்டுரைகளும் உண்டு. அவர் அங்கே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிரந்தர அதிகாரியின் பாதை பொதுவாக இப்படி இருக்கும். சின்ன வயதில் டார்ட்மத் கல்லூரி, பெரிய கப்பலில் மிட்ஷிப்மேன் என்ற பயிற்சி அதிகாரி, பிறகு விருப்பம் தெரிவித்து டால்பினில் பயிற்சி, சப்மரீனில் இளைய அதிகாரி, கேப்டனுக்கு அடுத்த நிலையான முதல் லெப்டினன்ட், அப்புறம் பெரிஷர் என்று செல்லமாக அழைக்கப்படும் கேப்டன் தகுதிப் படிப்பு. தேறாதவர் சப்மரீன் பக்கமே திரும்ப முடியாது. தேறியவருக்கு முதலில் பழைய சின்னக் கப்பல் ஒன்று கிடைக்கும். வாங்க்ளினுக்கு எச்-31 கிடைத்தது. அதில் 1940 ஜூலை 18 அன்று வட கடலில் ஜெர்மன் சப்மரீன் வேட்டைக் கப்பல் யூ.ஜே.-126-ஐ மூழ்கடித்தார். இந்தப் படிகளில் ஒன்று உங்கள் ஆளுக்கு விடுபட்டிருந்தால் அங்கே ஒரு தாளைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

கப்பலின் தாள்கள்

நேரத்தை இங்கே செலவிடுங்கள். சப்மரீன்களின் லாக் புத்தகங்கள், அதாவது அன்றாடக் குறிப்பேடுகள், ஏ.டி.எம். 173 வரிசையில் இருக்கின்றன, பொதுவாக மாதத்துக்கு ஒரு கோப்பு. முடிந்த மாதத்து லாக் கரையில் தங்கிவிடும் என்பதால் மூழ்கிய கப்பலுக்கும் முந்திய மாதங்கள் கிடைக்கும். கடைசி மாதம் கடலோடு போயிருக்கும். ரோந்து அறிக்கைகள் ஏ.டி.எம். 199-லும் 236-லும் உள்ளன. அறிக்கையில் மணிவாரியான நிகழ்வு, பாதை வரைபடம், டார்பிடோ தாக்குதல் படிவம், ஃப்ளோட்டில்லா என்ற சப்மரீன் அணியின் தலைவர் எழுதிய குறிப்பு ஆகியவை சேர்ந்திருக்கும். அந்தக் கடைசிக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். கேப்டன் எழுதியதை மேலதிகாரி எங்கே ஏற்றார், எங்கே உதட்டைப் பிதுக்கினார் என்பது அதில்தான் தெரியும்.

அதிகாரியின் பெயர் இந்தத் தாள்களில் அடிக்கடி வராது. அப்ஹோல்டர் யூ வகையைச் சேர்ந்தது, 191 அடி நீளம், முப்பத்துச் சொச்சம் பேர். அவ்வளவு சின்னக் கப்பலில் அதிகாரிகள் நாலு பேர்தான் இருப்பார்கள். கேப்டன் பெரிஸ்கோப்பில், முதல் லெப்டினன்ட் ஆழத்தையும் சமநிலையையும் பிடித்துக்கொண்டு, ஒருவர் வரைபடத்தில், இன்னொருவர் டார்பிடோக் கணக்கில் என்று வேலை பிரிந்திருக்கும். உங்கள் ஆள் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்று தெரிந்துவிட்டால், 'காலை 4.10-க்குக் கப்பல் கட்டுப்பாடு இழந்து மேலே எழும்பியது' என்ற வரி யாருடைய தலைவலி என்பது பெயர் இல்லாமலே புரியும்.

இடக் குறிப்பைப் படிப்பதில் பலரும் சறுக்குவார்கள். '180 டிகிரி, கேப் காமரின், 10 மைல்' என்று இருந்தால், முனையிலிருந்து 180 டிகிரி திசையில், அதாவது நேர் தெற்கே, பத்து மைல் தூரத்தில் கப்பல் நிற்கிறது என்று பொருள். கப்பலிலிருந்து முனை அந்தத் திசையில் தெரிகிறது என்று திருப்பிப் படித்தால் கப்பல் தோவாளைப் பூச்சந்தைப் பக்கம் போய் நிற்கும். மைல் என்பது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பத்து மைல் என்றால் 18.5 கிலோமீட்டர். ஆழம் அறிக்கையில் அடிக்கணக்கில் இருக்கும், பழைய வரைபடத்தில் பாகக் கணக்கில் இருக்கும். ஒரு பாகம் ஆறு அடி. இதெல்லாம் மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துக் கணியம் பார்த்து வலை போடுகிறவர்களுக்குப் புதிதல்ல. வீட்டில் கடலுக்குப் போகிற ஒருவர் இருந்தால் வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டுங்கள், உங்களைவிட வேகமாகப் பிடித்துவிடுவார்.

நேரம் அதைவிட மோசமான கண்ணி. கடற்படை நேரத்துக்குப் பின்னால் ஓர் எழுத்து வரும். இஸட் என்றால் கிரீன்விச் நேரம், ஏ என்றால் அதைவிட ஒரு மணி கூடுதல், பி என்றால் இரண்டு மணி. 14-ஆம் தேதி 0130 பி என்று இருந்தால் கிரீன்விச் கணக்கில் அது 13-ஆம் தேதி 2330. ஒரே சம்பவம் இரண்டு தாளில் இரண்டு தேதியில் கிடந்தால் முதலில் இந்த எழுத்தைச் சந்தேகப்படுங்கள். இந்தியப் பெருங்கடல் சம்பவம் என்றால் இன்னொன்றும் உண்டு. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளி, கிரீன்விச்சைவிட ஆறரை மணி கூடுதலாக ஓடியது. கரைத் தந்திகளை ஒப்பிடும்போது அதையும் கழிக்க வேண்டும்.

தொகுப்பதற்கு ஐந்து பத்தி (நெடுக்குக் கட்டம்) போட்ட ஒரு நீள நோட்டு போதும்: தேதி, இடம், நடந்தது, எந்தத் தாள் சொல்கிறது, எவ்வளவு நம்பலாம். கடைசிப் பத்தியை நிரப்பச் சோம்பல் வரும். நிரப்பாதவர்கள் மூன்று மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூழ்கடித்த டன் கணக்கை மட்டும் நோட்டில் தனிப் பக்கத்தில் வையுங்கள். கேப்டன் சொன்னது, போர்க்காலத்தில் அறிவித்தது, போருக்குப் பின் எதிரிப் பதிவில் சரிபார்த்தது என்று மூன்று எண் இருக்கும், மூன்றும் ஒத்துப்போகாது. கூட்டி எழுதுவதைவிட, 1941 செப்டம்பர் 18 அன்று நெப்தூனியா, ஓசியானியா என்ற இரண்டு துருப்புக் கப்பல்களை அப்ஹோல்டர் மூழ்கடித்தது என்பதுபோல் பெயர் சொல்லி எழுதுவது பத்திரம்.

கடைசி நாள்

மறைந்த தேதி என்று ஒரே தேதியை எழுதாதீர்கள். நோட்டில் நாலு வரி விடுங்கள்: கடைசியாகக் கண்டது அல்லது கேட்டது, மூழ்கியதாகக் கருதப்படுவது, திரும்ப வேண்டியிருந்தது, அறிவித்தது.

அப்ஹோல்டர் 1942 ஏப்ரல் 6 அன்று மால்டாவிலிருந்து தன் 25-ஆவது ரோந்துக்குக் கிளம்பியது. ஏப்ரல் 11-ஐ ஒட்டி அன்பீட்டன் என்ற சப்மரீனைச் சந்தித்துத் தன்னிடமிருந்த ஒரு ராணுவ அதிகாரியை அதில் ஏற்றிவிட்டது. ஏப்ரல் 12 அன்று அர்ஜ், த்ராஷர் என்ற சப்மரீன்கள் இரண்டோடும் வரிசை பிடித்து நிற்க உத்தரவு போனது. ஏப்ரல் 14 அன்று இத்தாலியக் கப்பல் பெகாசோ டெப்த் சார்ஜ் என்ற ஆழ்நீர்க் குண்டு போட்டதில் மூழ்கியது என்பது நெடுநாள் கணக்கு. அதற்கு முன்பே கண்ணிவெடியில் போயிருக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் இழப்பை வெளியிட்டது ஆகஸ்ட் 22 அன்று. ஏப்ரல் 14 என்று மட்டும் எழுதினால் பொய்யல்ல, ஆனால் நிச்சயம் இல்லாததை நிச்சயமாக்கிவிடுகிறீர்கள்.

அர்ஜ் அதே மாதம் போனது, அதன் கதை இன்னும் நல்ல பாடம். லிபியக் கரையில் ஏப்ரல் 29 அன்று இத்தாலிய விமானம் மூழ்கடித்தது என்று பல காலம் நம்பப்பட்டது. 2019-ல் மால்டா பல்கலைக்கழகக் குழு அதன் சிதைவை மால்டாவுக்கு வெளியிலேயே கண்டுபிடித்தது. ஏப்ரல் 27 அன்று கிளம்பிய அன்றே கண்ணிவெடியில் மோதி மூழ்கியிருக்கிறது. விமானி பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டாம். தண்ணீருக்கு மேல் எதையோ கண்டு குண்டு போட்டவர் மூழ்கியது என்று நம்பினார். எதிரியின் அறிக்கை ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல. அர்ஜில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கப்பல்காரர்கள் 32 பேர், கூடப் போன கடற்படையினர் 11 பேர், பத்திரிகையாளர் ஒருவர், ஆக 44. பணியாளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் கப்பலில் ஆள் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

நம் பக்கத்துக் கடலுக்கு உதாரணம் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பிரிட்டிஷ் சப்மரீன். 1944 பிப்ரவரி 25 அன்று திருகோணமலையிலிருந்து சுமத்ராவின் வடகரைக்கும் நிக்கோபாருக்கும் இடைப்பட்ட கடலுக்குக் கிளம்பியது, மார்ச் 20 அன்று திரும்பவில்லை. எப்படிப் போனது என்பது இன்றுவரை புதிர். நாலு வரியில் இரண்டு வரி காலியாகவே இருக்கும். காலியாக விடுங்கள்.

அரசே மறைத்த காரணங்களும் உண்டு. 1939 செப்டம்பர் 10 அன்று ஆக்ஸ்லி என்ற பிரிட்டிஷ் சப்மரீன் மூழ்கியதை விபத்து என்று அறிவித்தார்கள். சொந்தக் கடற்படையின் ட்ரைட்டன் சப்மரீன்தான் எதிரி என்று நினைத்து அதை டார்பிடோவால் அடித்தது என்பது 1950-களில்தான் வெளியே வந்தது. போர்க்காலத்தில் குடும்பத்துக்கு வந்த கடிதத்தை அப்படியே நம்பி எழுதுவதில் உள்ள ஆபத்து இது.

கல்லறை இல்லாதவர்களின் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். பிரிட்டிஷ் கடற்படையினர் பெயர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் நினைவுச் சின்னங்களில் அவரவர் தாய்த்துறைமுகப்படி பிரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல்காரர்களும் ஆறாயிரத்துக்கு மேல். அவர்களுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவேடு இருக்கிறது. குமரி மாவட்டக் குடும்பங்கள் பெரும்பாலும் தேட வேண்டிய இடம் அதுதான். வணிகக் கப்பல் என்றால் கியூவில் பி.டி. 381 வரிசையில் பணியாளர் பட்டியலும், பி.டி. 389-ல் கப்பல் போய்வந்த அட்டைகளும் கிடைக்கும்.

1971-ம் அதன் பிறகும்

இந்தியக் கடற்படை எந்தப் போரிலும் ஒரு சப்மரீனையும் இழக்கவில்லை. 1971 போரில் குடும்பங்கள் தேடுவது பெரும்பாலும் குக்ரி போர்க்கப்பலை. டிசம்பர் 9 அன்று தியு கடலில் பாகிஸ்தான் சப்மரீன் ஹாங்கோர் அதை அடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கேப்டன் மகேந்திர நாத் முல்லாவோடு போனார்கள். இதில் உயிர் தப்பியவர்கள் உண்டு, ஆகவே தேதியிலோ இடத்திலோ குழப்பமில்லை. பெயரைத் தியு நினைவிடத்திலும் டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் இணையப் பட்டியலிலும் பார்க்கலாம்.

பணிப்பதிவுக்கு முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாலுமிகளின் பழைய பதிவு மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் இருக்கும், அதிகாரிகளுடையது டெல்லிக் கடற்படைத் தலைமையகத்தில் இருக்கும். இரண்டுக்கும் எண் இல்லாமல் கடிதம் போட்டால் பதில் கிடைப்பது கடினம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'அவரைப் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று எழுதினால் தனிநபர் தகவல் என்று தள்ளிவிடுவார்கள். சேர்ந்த தேதி, வேலை பார்த்த கப்பல்களும் தளங்களும் தேதி வரிசையில், பெற்ற பதக்கங்கள், மறைவு குறித்த விசாரணை முடிவின் நகல் என்று நாலே கேள்வி எழுதி, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றின் நகலை இணையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஒரு பக்கக் குறிப்பு. வலையில் பழைய இரும்பு உருளையோ குமிழ் வைத்த உருண்டையோ ஏறினால் நினைவுப் பொருள் என்று கரைக்குக் கொண்டுவர வேண்டாம். எண்பது ஆண்டு ஆனாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து செத்துப்போகாது. தட்டவோ சுரண்டவோ கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554-ல் சொல்லுங்கள்.

எழுதுவதும் கல்லில் வெட்டுவதும்

எழுதும்போது வினைச்சொல்லைப் பார்த்து வையுங்கள். தாளில் உள்ளதற்கு 'கிளம்பியது', 'மூழ்கடித்தது'. ஊகத்துக்கு 'மூழ்கியதாகக் கருதப்படுகிறது'. வீட்டில் சொல்வதற்கு 'குடும்பத்தில் சொல்வார்கள்'. மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கடைசி நிமிடத்தில் கப்பலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து ஒரு பத்தி சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேர்க்காதீர்கள். அங்கே இருந்த யாரும் திரும்பவில்லை.

நினைவுக் கல் வைப்பதானால் கல் வெட்டுகிறவரிடம் கொடுக்கும் வாசகத்தில் பெயர், பதவி, கப்பல், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய தேதி ஆகிய ஐந்தையும் கொடுங்கள். மறைவுக்கு மாதமும் ஆண்டும் மட்டும் போதும். ஆண்டுத் திருப்பலியோ திதியோ எந்த நாளில் வைப்பது என்று வீட்டில் பேச்சு வந்தால் கிளம்பிய நாளையே வைத்துக்கொள்ளலாம், அது உறுதியான தேதி. மறைவு வரிக்குக் கீழே இரண்டு அங்குலம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். கருங்கல்லில் வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது, இடம் இருந்தால் பிறகு ஒரு வரி சேர்க்கலாம்.